ஆறு அல்ல, நான்கு

ஜுபைலில் இரவு ஷிப்ட்.
கதவுக்கு வெளியே நள்ளிரவிலும்
மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிற புழுக்கம்.
சர்வர் அறைக்குள் பதினெட்டு டிகிரி.
ஸ்வெட்டருக்குள் ஒடுங்கிக்கொண்டு
ஐம்பது வருடத்துக் கையேடுகளின் ஸ்கேனைப் புரட்டுகிறேன்.

யாரும் கேட்கவில்லை. இதற்குச் சம்பளமும் இல்லை.
எந்தக் கட்டளை எந்தப் பதிப்பில்
யூனிக்ஸுக்குள் முதலில் காலடி வைத்தது என்று
எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.
சொல் எண்ணுகிற டபிள்யூசி முதல் பதிப்பிலேயே உண்டு.
ஒன்றின் வாயை இன்னொன்றின் காதில் பொருத்தும் பைப்
மூன்றாவதில்.
கிரெப்புக்கு மட்டும் ஆறு என்று எழுதியிருந்தது.

ஆறாவதுதான் வெளியே பரவிய பதிப்பு.
ஊருக்குத் தெரிந்த நாளையே
பிறந்த நாளாக்கிவிட்டார்கள்.
நான்காவதின் கையேட்டில், மங்கலான, சாய்ந்த ஒரு பக்கத்தில்
சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது கிரெப்.
திருத்தம் எழுதி அனுப்பினேன்.
இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த வாரம்தான் பரக்கத்துல்லா
தரைப்பலகையைத் தூக்கிக் கேபிள் இழுக்க வந்தார்.
கணக்கு முடித்து அதிராம்பட்டினம் போகிறாராம்.
"சேர்ந்த வருசம் ரெண்டாயிரத்து ஆறுன்னு போட்டிருக்கான்.
நான் நாலுலயே வந்துட்டேன் தம்பி.
ரெண்டு மாசச் சம்பளம் போகுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.
ஆறில் ஆபீஸுக்குப் புது சாப்ட்வேர் வந்தது;
அதற்கு முன் வந்தவர்கள் அத்தனை பேரும்
ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஆனார்கள்.

பழைய கேட் பதிவுகள் ஒரு டேப்பில்.
அதைப் படிக்கிற மெஷினைத் தேடவே மூன்று இரவு.
பெயரைக் கொடுத்தேன். இல்லை.
வேறு ஸ்பெல்லிங். அதுவும் இல்லை.
கேட்டில் நின்ற காவலாளி
எந்தக் காதால் கேட்டு எப்படி அடித்தானோ.
சந்தேகமான எழுத்துகளை எடுத்துவிட்டு
அங்கெல்லாம் புள்ளி வைத்தேன்.
எந்த எழுத்தானாலும் சரி என்று
கிரெப்பிடம் சொல்வது அப்படித்தான்.
தமிழில் புள்ளி வைத்தால் எழுத்து மெய்யாகும்.

வந்தது ஒரே ஒரு வரி.
14 மார்ச் 2004, காலை 5.52, இரண்டாம் கேட்,
கூடவே நான்கு எழுத்து பிசகிய ஒரு பெயர்.

மனிதவளத்தில் பார்த்தார்கள்.
இகாமாவோடு ஒப்பிட்டார்கள்.
"இந்தப் பெயர் வேறு ஆள்."
மேலே மெயில் போட்டிருக்கிறேன், ஒன்பது நாளாகிறது.

பரக்கத்துல்லா அந்த பிரிண்டை
டூல்பாக்ஸ் மேல் வைத்து
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அன்னைக்கு நல்ல மழை தம்பி,
செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுதான் உள்ள வந்தேன்.
அது இதுல இல்லையே" என்றார்.