தூரச் சக்கரத்திலிருந்து

ஜெபல் ஜெய்ஸில் ஏறும்போது ஒன்றுமில்லை.
இறங்கும்போதுதான்
பதினோராவது வளைவில்
மிதித்த கால் போய்க்கொண்டே இருந்தது,
ஈரத் துணிமூட்டைக்குள் போவதுபோல.
கியரை ஒன்றுக்கு இழுத்தேன்.
கைப்பிரேக்கைப் பல் பல்லாக ஏற்றினேன்.
என் சின்ன வெள்ளைக் கார்
பாறையில் தோளை உரசி நின்றது.
அங்கிருந்த ஆடு
மெல்லுவதை நிறுத்தவில்லை.

பெனடிக்டாவைக் கூப்பிட எடுத்த போனைத்
திரும்பப் பைக்குள் போட்டேன்.
ஒரே அறையில் இரண்டு கட்டில்.
பேசி நாற்பது நாள்.
கொடுத்த கடனை நாலு பேர் முன்னால் கேட்டது நான்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில்
கொதிநிலை எழுதிச் சம்பளம் வாங்குகிறவள்.
பிரேக் ஆயில் என்கிறோம், அது எண்ணெயே இல்லை.
தாகமெடுத்த திரவம்.
ரப்பர் குழாயின் மயிர்க்கால் வழியே
காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்.
துடைக்கத் துடைக்கக் கண்ணாடி வேர்க்கும்
ஆகஸ்ட் மாத ராஸ் அல் கைமாவில்
அதற்கு என்ன பஞ்சம்?
புதிதில் இருநூற்று முப்பது டிகிரி தாங்குவது
நனைந்த பின் நூற்றைம்பத்தைந்தில் கொதிக்கும்.
திரவம் மிதித்ததை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும்.
ஆவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு
தன்னைச் சுருக்கிக்கொள்ளும்.

ஷார்ஜா தொழிற்பேட்டையில் குல் ஜமான் கடை.
பெரிய மாடலின் டிஸ்க்,
இரட்டைப் பிஸ்டன் காலிப்பர்,
"பாஜி, விமானத்தையே நிறுத்தலாம்."
என் பதினான்கு அங்குல ரிம்மை வைத்துப் பார்த்தோம்.
முட்டியது.
அப்படியென்றால் ரிம். ரிம் என்றால் டயர்.
டயர் என்றால் ஊருக்கு அனுப்பும் இரண்டு மாதம்.
பந்தயக் காரின் புட்டி ஒன்றை நீட்டினான்,
முந்நூற்றுப் பத்து டிகிரி.
பொடி எழுத்தைப் படித்தேன்.
உயர்ந்த ரகத்துக்குத் தாகமும் அதிகம்,
மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.
இன்னொன்று ஊதா நிறம், சிலிக்கான்,
ஈரமே குடிக்காது,
பழையதோடு ஒரு சொட்டும் சேராது.
அந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும்.

டாட் நான்கு, சீல் உடையாத ஒரு லிட்டர்.
முன்சக்கரங்களுக்கு நல்ல பேட்.
எஃகு வலை பின்னிய குழாய்கள்.
அவ்வளவுதான் என்றதும்
குல் ஜமான் முகம் என் காரைவிடச் சிறுத்தது.

காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும்.
ஒருத்தி மிதிக்க, ஒருத்தி திறக்க.
நைட் டூட்டி முடித்து வந்தவளிடம்
காபியை நீட்டி, அரை மணி நேரம் என்றேன்.
நர்ஸ் உடுப்பை மாற்றாமலே
ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

தூரச் சக்கரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.
வலது பின். அட்டையை விரித்துப் படுத்தேன்.
"மிதி."
"மிதிச்சாச்சு."
"பிடி."
"பிடிச்சிருக்கேன்."
திறந்தேன். கடுந்தேநீர் நிறத்தில் வந்தது, குமிழோடு.
மூடினேன்.
"விடு."

இடது பின்னில் குமிழ் நிற்கவேயில்லை.
"சுண்டிவிடு," என்றாள் மேலிருந்து,
"எங்கேயாவது ஒட்டிக்கிட்டிருக்கும்."
தினமும் ட்ரிப் குழாயில் காற்றை விரட்டுகிறவள்.
ஸ்பானரின் பின்புறத்தால் தட்டினேன்.
பட்டாணி அளவில் ஒன்று வந்து வெடித்தது.

வலது முன்னில்,
"பிப்ரவரிக்குள்ள குடுத்துடுவேன்."
"பிடி," என்றேன்.
"பிடிச்சிருக்கேன்னு சொல்றேன்ல."

கடைசியில் அவள் காலுக்கு எதிரே இடது முன்.
வெல்லப்பாகு நிறம் வெளுத்து
தண்ணீர்போல வந்தது.
மூன்று முறை மிதித்துப் பார்த்தாள்.
"கல்லு மாதிரி இருக்கு."
இறங்கிப் போய்த் தூங்கிவிட்டாள்.

மீதிக் கால் லிட்டர் அலமாரியில் இருக்கிறது.
திறந்த புட்டி இந்நேரம் குடிக்கத் தொடங்கியிருக்கும்.
ஊற்றவும் ஆகாது, எறிய மனமும் வரவில்லை.

ஒரு சொட்டு பானெட்டில் விழுந்ததை
இரண்டு பேருமே பார்க்கவில்லை.
மறுநாள் ஒரு திர்ஹம் காசு அகலத்துக்கு
பெயின்ட் உரிந்திருந்தது.
குனிந்து பார்த்த பெனடிக்டா
"இதையும் கணக்குல சேத்துக்கோ," என்றாள்.