பக்கம் ஏழு, கேள்வி பதினொன்று

நீல மையில் மட்டும் நிரப்பவும் என்கிறது படிவம்.
அடித்தல் திருத்தல் கூடாது.
வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள்
மேல மாசி வீதி அலுவலகத்தில் சேர வேண்டும்.
இன்று வியாழன். மணி பத்தேகால்.
செல்லூரில் தறிகள் இன்னும் ஓடுகின்றன.
மேசை அதிர்கிறது, அதோடு என் கையெழுத்தும்.

அமைப்பின் பெயர், பதிவு எண், வங்கிக் கிளை
எல்லாம் போன வருடத்துத் தாளைப் பார்த்து எழுதியாயிற்று.
“பிரச்சினையின் தீவிரம், நூறு சொற்களுக்கு மிகாமல்.”
தொண்ணூற்றெட்டில் முடித்தேன்.
கல்பாலத்துக்குக் கீழே பொறுக்கிய ஊசிகளை எல்லாம்
ஒரே சொல்லாக எண்ணிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு நிதிக் குழு பார்வையிட வந்தது,
மூன்று வெள்ளை வேட்டி, ஒரு பட்டுப்புடவை.
“குடின்னா புரியுது.
வலி மாத்திரைக்கா அடிமையாவாங்க?” என்றார் ஒருவர்.
அவருக்கு ஊருக்குள் நான்கு மருந்துக்கடைகள்.
மேசைக்கடியில் சகாயமேரி என் காலை மிதித்தாள்.
நான் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வந்தது.
கூடவே ஒரு பீரோவும்,
கதவு முழுக்க உபயதாரர் பெயரோடு.
தேநீர்ச் செலவை மட்டும்
சிவப்பில் அடித்திருந்தார்கள்: “நிதியில் சேராது.”

பக்கம் ஏழு, கேள்வி பதினொன்று.
இதுவரை முழுமையாகக் குணமடைந்தோர். எண்ணில் மட்டும்.

முதல் வருடம் ஒன்பது.
அடுத்த வருடம் பதினான்கு.
போன வருடம் பதினொன்று.
ஆக முப்பத்து நான்கு.
கூட்டலில் பிழை இல்லை, ஆடிட்டர் முத்திரை இருக்கிறது.
ஆனால் ஒன்பதில் ஒச்சப்பன் இருக்கிறான்.
பதினான்கிலும் இருக்கிறான்.
பதினொன்றில், பட்டியலின் கடைசியில்,
மா. ஒச்சப்பன், வயது இருபத்தேழு, பரவை மார்க்கெட்.
மூன்று வருடத்தில் மூன்று தடவை குணமானவன்.
ஒரு தடவையும் நாங்கள் பொய் எழுதவில்லை.
எழுதிய அன்று அது உண்மை.

வெங்காய மூட்டை இறக்கிய முதுகுக்கு
கடைக்காரர் பட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்துக் கொடுத்தாராம்.
“அன்னைக்கு ராத்திரிதாங்க்கா
படுத்தது தெரியாமப் படுத்தேன்.”
இரண்டு நாலாகி, நாலு பத்தாகி,
பிறகு விழுங்கப் பொறுமை இல்லாமல்
கரைத்து, நரம்பில்.
மனைவியின் தோடு. மச்சான் வண்டியின் பேட்டரி.
இரண்டாம் தடவை வந்தபோது
செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றான்,
வட்டி கட்டத் தவறியவன் போல.
மூன்றாம் தடவை சிரித்துக்கொண்டே வந்தான்,
அது இன்னும் மோசம்.
நான்காம் தடவை அவனாக வரவில்லை.
ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
உதடு நீலம் பாய்ந்து கிடந்தவனை
ஒரு ஆட்டோக்காரர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்,
வாடகை வாங்காமல்.
சட்டைப்பையில் எங்கள் எண் இருந்ததாம்,
பீடிக்கட்டு உறையில் எழுதி.

இன்று நாற்பத்தோராவது நாள்.

கேள்வி பன்னிரண்டை முதலில் எழுதிவிடலாமா?
“நிதி நின்ற பிறகு பணி எவ்வாறு தொடரும்?”
நின்று நின்றுதான், ஐயா.
எழுதவில்லை. “உள்ளூர் ஆதரவுடன்” என்று எழுதினேன்.

டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
ஈரக்கையைக் கைலியில் துடைத்தபடி
வந்து நிற்கிறான்.
“இந்த வருசமும் என்னைய எழுதுறீகளாக்கா?”
“எழுதவா?”
தறிச் சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றான்.
“பென்சில்ல எழுதுங்க.”

அவன் உள்ளே போய்ப் பாய் விரிக்கும் சத்தம் கேட்டது.
படிவத்தின் அடிக்குறிப்பை மறுபடி படித்தேன்.
கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு
பக்கம் ஒன்பதுக்குப் போனேன்.
செலவுத் திட்டம். முதல் வரி.
அவர்கள் அடித்த அதே வரியை, நீல மையில்,
கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன்:
தேநீர், நாளொன்றுக்கு நாற்பது டம்ளர்,
ஞாயிறு உட்பட.