ஆற்றைத் தோண்டுகிறவள்

எங்கள் ஊரில் பாறைக்கு மேல் ஒரு முழம் மண்.
அதற்குக் கீழே கடப்பாரை சத்தம் போடும், இறங்காது.
அதனால் செத்தவர்களையெல்லாம்
இந்த மேட்டுக்குத்தான் கொண்டுவருகிறோம்.

ஹர்யு என்போம் இதை.
ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே
பைன் மரங்களைச் சுமந்துகொண்டு
வளைந்து வளைந்து போகும் சரளைக் கரை.
கரை என்றது தப்பு. ஆறு.

பனி இரண்டு கிலோமீட்டர் உயரம் நின்ற காலத்தில்
அதன் அடிவயிற்றைக் குடைந்து
வெளிச்சம் பாராமல் ஓடிய ஆறு.
மேலிருந்த பாரம் நெருக்க நெருக்க
மேட்டிலும் ஏறியிருக்கிறது.
பள்ளம் கண்ட இடத்தில் பாயும் என்பது
வெயிலில் ஓடும் தண்ணீருக்கான சொல்.
சுவரும் கூரையும் உருகிப் போனபின்
படுகை மட்டும் எழுந்து நின்றது,
அச்சை உடைத்தபின் நிற்கும் வார்ப்புபோல.

இன்று தாய்ஸ்தோவுக்கு.
செவ்வாய் காலை, மைனஸ் நான்கு.
உறைந்த மேல்தோலை இயந்திரத்தின் பல் கிழித்தது;
அப்புறம் தானாகவே சரிந்து வந்தது.

குழியின் சுவரில் பார்க்கிறேன்:
அடியில் தலையளவு உருண்டைகள்,
மேலே முட்டை, அதன்மேல் பட்டாணி,
அதற்கும் மேல் விரலிடுக்கில் நிற்காத மணல்.
களைத்துப்போன தண்ணீர்
பெரிய சுமையை முதலில் இறக்கியிருக்கிறது.

முப்பத்தெட்டு வருஷம் இந்த மேட்டை லாரியில் ஏற்றியவன் தாய்ஸ்தோ.
வடகோடியில் அவன் கடித்த இடம் இன்னும் மூடவில்லை.
யோயென்சூ போகும் சாலைக்கு அடியில் இந்த ஆறுதான்.
"மறுபடி ஓடவிட்டேன்" என்பான், குடித்தால்.
குடிக்காவிட்டால் எதுவும் சொல்லமாட்டான்.

பத்து மணிக்கு ஹில்க்கா வந்தாள், அவன் மனைவி.
குழிக்குள் எட்டிப்பார்த்து
"எட்டு-பதினாறு. நல்ல சரக்கு" என்றாள்.
"சலிக்கவே வேண்டாம்."
பிறகு சிரித்தாள்.
சிரித்ததற்காகக் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிளாஸ்கில் காப்பி வைத்திருந்தாள்.
ஊர்க்குழாய்த் தண்ணீர்;
மேட்டின் தென்கோடியில்தான் கிணறு
(கல்லறைகளுக்கு மேற்புறம் என்று
நகராட்சி சத்தியம் செய்கிறது).
மணலுக்குள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது,
அவசரமில்லாமல், நாளைக்கு ஒரு சாண்.
குடித்தோம்.

ஒன்றரை மீட்டர். அதற்குமேல் தேவையில்லை.
இறங்கி, மண்வெட்டியால் மூலையைச் சதுரமாக்கும்போது
சுவரிலிருந்து ஒரு கல் நழுவி விழுந்தது,
உருண்டையாய், ஈரமாய்.
குழியைச் சுத்தமாக வைக்கவேண்டும் என்பது விதி.
வியாழன்வரை கிடக்கட்டும் என்று
ஏறி வந்துவிட்டேன்.