இரண்டு பதிவேடு

கரடிக்காட்டு மேட்டில் ஆர்.சி. பள்ளிக்கூடம்.
ஓடைக்கு இந்தப் பக்கம் என்னுடைய ஒன்றியப் பள்ளி.
ஏற்காட்டுப் பேருந்து சுற்றி வர அரை மணி,
காப்பிச் செடிகளுக்குள் பையன் ஓடி வர
ஏழே நிமிஷம்.

மேலே அவன் பெயர் பெர்னார்டு,
கீழே சி. வெள்ளையன்.
காலையில் அங்கே பால் பவுடர் கரைத்துத் தருவார்கள்,
மத்தியானம் இங்கே சோறு, வியாழன் என்றால் முட்டை.
எட்டு வயதில் இவ்வளவு சுத்தமான கணக்கை
நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது.
சிலேட்டின் என் பக்கத்தில் ஐந்தாம் வாய்ப்பாடு,
திருப்பினால் ஏழாம் வாய்ப்பாடு,
சாய்வான வேறு கையெழுத்தில்.

அவனோடு சேர்த்துப் பத்தொன்பது பேர்.
அவனை எடுத்தால்
பள்ளிக்குப் பூட்டு, எனக்கு வாழப்பாடி.
மேலே சிஸ்டர் ரெஜிஸுக்கும் ஒரு எண் இருந்திருக்கும்.
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
அவர் மணியைப் பதினொன்றே முக்காலுக்கே அடிக்க ஆரம்பித்தார்.
நான் காலை வருகையில் ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவைத்து
சாப்பாட்டுக்குப் பிறகு நிரப்பினேன்.

பழம் பறிக்கிற மாதம்,
பிள்ளைகள் அம்மாமார் பின்னால் சாக்கோடு போய்விட்ட
ஒரு வியாழக்கிழமை,
சொல்லாமல் வந்தது ஏ.இ.ஓ. ஜீப்.
முதலில் மேலே. அப்புறம் கீழே.
தட்டோடு உட்கார்ந்திருந்தவனிடம் குனிந்து
"உன்னை இப்பத்தானே மேல பார்த்தேன்?"
மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது அவனுக்கு.
"அது எங்க அண்ணன், சார்."

நான் கரும்பலகையைப் பார்த்தேன்.
அதில் தேதிகூட எழுதியிருக்கவில்லை.

பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.
ஜீப்பில் ஏறும்போது சொன்னார்:
"அண்ணனையும் ஒழுங்கா வரச் சொல்லு."

ஐந்தாவது முடிந்து,
மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த சின்னாண்டியின் கையில்
மேலே கொடுத்தது ஏற்கெனவே இருந்தது.
இரண்டு பெயர், இரண்டு பிறந்த நாள்.
அவர் ஊரில் இல்லாதபோது பிறந்த பிள்ளை.
"எதுங்க நெசம்?"
"எதில் வயசு கம்மியோ அதை வச்சுக்கோங்க,
வேலைக்கு ஆகும்."
பெர்னார்டு சேலத்து விடுதிக்குப் போனான்.

வெள்ளையன் என் மேசை இழுப்பறையில் இருக்கிறான்.
ஜூன் மாதம். புதுப் பதிவேடு.
பதினெட்டுப் பெயர் எழுதிப் பேனாவை மூடும்போது
மேலே மணி அடிக்கிறது.
கடிகாரம் பார்த்தேன், பதினொன்றே முக்கால்.
மிளகுக் கொடிகளுக்கு நடுவே
பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
யாரோ ஓடி வருகிறாள்.