உப்பிட்டவன்

என் வேலை பிழை பார்ப்பது.
மொன்றியாலில், ஆறாவது மாடியில்,
சன்னலுக்குக் கறுப்புத் திரை போட்ட அறையில்
இன்னும் வெளிவராத ஒரு கேமை
மாலை நாலு முதல் நள்ளிரவுவரை ஆடுவது.
சுவருக்குள் கால் புதைகிறதா,
செத்தவன் எழுந்து நிற்கிறானா என்று பார்த்து
எழுதிவைப்பது.

எண் 4117.
துறைமுகச் சேரியில் எதிரிகள் அறுபது பேர்.
முகங்கள் மூன்று.
பதில்: வடிவமைத்தபடியே உள்ளது. மூடப்பட்டது.

எண் 4120.
தெருவிளக்கின் நேர் கீழே நிறுத்திப் பார்த்தேன்.
நாயகனுக்குத் தாடையில் மூன்று நாள் மயிர்கூடத் தெரிகிறது.
இவர்களுக்கு மூக்கே தெரியவில்லை.
பதில்: முன்னுரிமை குறைவு.

எண் 4133.
நாயகன் விழுந்தால் இசை தாழ்கிறது,
திரை இருள்கிறது, மழைகூட வருகிறது.
இவர்கள் விழுந்தால் காசு சிதறுகிறது.
இதற்குப் பதிலே வரவில்லை.

குண்டு படும்போது இவர்கள் கத்துவது
என்ன மொழி என்று கெத்தானைக் கேட்டேன்.
"மொழியெல்லாம் இல்லை, சும்மா சத்தம்."
எனக்கு அதில் கிரெயோலின் ஏற்ற இறக்கம் கேட்டது,
அம்மா போனில் பேரம் பேசுவதை
அடுத்த அறையிலிருந்து கேட்பதுபோல.
காதைத் தீட்டிக்கொண்டு இன்னும் நாலு பேரைச் சுட்டுப் பார்த்தேன்.
ஒரு சொல் இல்லை.

கெத்தான் கெட்டவன் இல்லை.
நான் பல் பிடுங்கிய வாரம் சூப் கொண்டுவந்தவன்.
"யாரையும் மனதில் வைத்துச் செய்யவில்லை, இஸ்லாந்த்" என்றான்.
நம்பினேன்.
நம்பியதுதான் பயமாக இருந்தது.
யாரையும் மனதில் வைக்காமலே
இவ்வளவு அச்சாக வந்திருக்கிறது.

துறைமுகத்தின் அந்த முடுக்கில்
தொள்ளாயிரம் முறை திரும்பியிருப்பேன்.
இடப்பக்கம் குப்பைத்தொட்டி, வலப்பக்கம் ஏணி.
தலைமூடியவன் பைக்குள் கை விட்டால்
உனக்கு அரை விநாடி.

ஜனவரி. கடைசி மெட்ரோ.
சான் மிஷேலில் இறங்கி
குளிர் கடித்த காதோடு எங்கள் பின்சந்தில் திரும்பினேன்.
இடப்பக்கம் குப்பைத்தொட்டி.
வலப்பக்கம் இரும்புப் படிக்கட்டு.
தலைமூடிய ஜாக்கெட், ஒரு கை பைக்குள்.

கையுறைக்குள்
என் ஆட்காட்டி விரல் மடங்கியது.

போர்ட் ஓ பிரின்ஸில் பிறந்தவளின் மகள் நான்.
என் தம்பிக்கும் அதே உயரம், அதே ஜாக்கெட்.
இரண்டு முறை போலீஸ் அவன் காரை நிறுத்தியபோது
காவல் நிலையத்தில் மேசையைத் தட்டியவள் நான்.
விரலுக்கு இதொன்றும் தெரியாது.
சம்பளத்துக்குக் கற்ற பாடத்தை
அது ஒழுங்காகக் கற்றிருந்தது.

பைக்குள்ளிருந்து வந்தது ஒரு பிடி உப்பு.
மூன்றாம் மாடி ஃப்ரிட்ஸ்னெல்.
உறைந்த படிகளில் யாரும் வழுக்கிவிடக் கூடாதென்று
தூவிக்கொண்டிருந்தான்.

"சக் பாசே?" என்றான். என்ன சேதி?
"நாப் பூலே" என்று சொல்ல வேண்டும்.
எரிந்துகொண்டிருக்கிறோம் என்று பொருள்;
எங்கள் ஊரில் அதற்கு, சௌக்கியம்.
வாய் எழவில்லை.
தலையை ஆட்டிவிட்டு ஏறினேன்,
அவன் இட்ட உப்பு
பூட்ஸுக்கடியில் நெரிய நெரிய.

கட்டிலில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தேன்.
இடம்: பின்சந்து.
எதிர்பார்த்தது: பக்கத்து வீட்டுக்காரன்.
கண்டது:
மீண்டும் நிகழுமா:
கர்சர் அங்கேயே துடித்துக்கொண்டிருந்தது.
எந்தப் பதிப்பில் பிழை என்று கேட்டது.
என் பிறந்த வருடத்தைப் போட்டேன். அழித்தேன்.

நாளை நாலு மணிக்கு வேலை.
ஒன்றாம் தேதி வாடகை.

கீழே இன்னும் தூவுகிறான், கேட்கிறது.
மைனஸ் இருபதில் சன்னலைத் தள்ளித் திறந்து
கத்தினேன், தாமதமாகத்தான்:
நாப் பூலே, ஃப்ரிட்ஸ்னெல்!
கீழ்வீட்டில் யாரோ சுவரைத் தட்டினார்கள்.

அவன் கையை உயர்த்தினான்.
விரலைப் பார்த்துக்கொண்டே
நானும்.