தண்ணிவெட்டு

புளியரை கால்நடை மருந்தகத்தை
இடிக்கலாமா என்று பார்த்துவரச் சொன்னார்கள்.
ஆனிக் கடைசி. ஆரியங்காவுப் பக்கமிருந்து
விட்டு விட்டுச் சாரல்.
கேரளப் பதிவெண் லாரிகள் சோதனைச்சாவடியில்
இருமிக்கொண்டு நின்றன.

படிவத்தில் பதினாறு கட்டங்கள்.
அஸ்திவாரம், சுவர், தளம், கம்பியின் துரு.
சுத்தியலால் தட்டினேன். சில இடம் கணீரென்றது,
சில இடம் பொக்கென்றது.
வயது: அறுபத்தொன்று.

பக்கத்தில் மூன்று வருடப் புதுக் கட்டடம்.
கண்ணாடி முகப்பு. ஜன்னலுக்கு ஜன்னல்
மை கரைந்து வழிந்த முகம்.
இதன் சுவரோ காய்ந்து கிடந்தது.
புரியாமல்
சன்ஷேடின் அடிவயிற்றில் கைவைத்தேன்.

அரை அங்குலப் பள்ளம். விளிம்புக்குச் சற்று உள்ளே
ஒரே ஓட்டமாய்.
அடிப்பக்கம் ஊர்ந்து சுவரைத் தேடி வரும் தண்ணீர்
இதைத் தாண்டத் தெரியாமல்
அங்கேயே கனத்து விழுந்துவிடும்.
படித்த காலத்தில் இதற்கு ஆங்கிலப் பேர்தான்.
தண்ணிவெட்டு என்பது நான் வைத்தது.
யாரும் அண்ணாந்து பார்க்காத இடம்.
ஈரக் காரையில் கயிறு பதித்து உருவியிருக்கிறார்கள்,
முறுக்கின் தடம் விரலுக்கு இன்னும் தெரிகிறது.

விரலை எடுக்காமல் நடந்தேன்.
மூன்றாவது ஜன்னல் தாண்டி
ஒரு சாண் தூரம் பள்ளம் இல்லை.
கயிறு நழுவியதோ, காரை முந்திக்கொண்டு இறுகியதோ,
கூலி கொடுக்கக் கூப்பிட்டார்களோ.
வருடத்துக்கு இரண்டு மழை, அறுபத்தொரு வருடம்,
அந்த ஒரு சாண் வழியாக மட்டும் இறங்கி
தரைவரை ஒரு கறுத்த வால்.

சீட்டு வாங்க வரிசை நின்றது.
மடி வீங்கிய பசுவோடு சரோஜினியம்மா,
கோழிக்கூடையோடு மைதீன் பிச்சை,
அப்புறம் யாருடையதென்று தெரியாத ஏழெட்டு ஆடுகள்.
சுவரை ஒட்டி நேராக வந்த வரிசை
வாலருகே வெளியே வளைந்து
மறுபடி சுவரோடு சேர்ந்துகொண்டது.
யாரும் கோடு போடவில்லை. முதல்முறை வந்த
குட்டிகூட வளைந்தது.

"அவிடெ நிக்கண்டா சாரே," என்றார் சரோஜினியம்மா.
நகர்ந்தேன். நான் நின்ற இடத்தில்
ஒரு சொட்டு.

பதினேழாவது கட்டம் இல்லை.
இதர குறிப்புகள் என்று இரண்டு வரி இடம்.
'நாற்பத்திரண்டு அடி, நல்ல நிலையில்,
ஒரு சாண் விடுபட்டுள்ளது' என்று எழுதி,
அதையும் வெட்டிச் சரிசெய்யலாம் என்று தொடங்கி,
பேனாவை மூடிவிட்டு,
ஆடுகளுக்குப் பின்னால்
வளைந்து வெளியே வந்தேன்.