ஏறக்குறைய

மாதத்தின் இரண்டாம் செவ்வாய், மாலை ஏழு மணி.
ஊர் மன்றத்தின் நிலவறை. மடக்கு நாற்காலிகள்,
இருமிக்கொண்டே இருக்கும் வெந்நீர்க் குழாய்,
ஐந்து பேர் கொண்ட நிலப் பயன்பாட்டு வாரியம்.
ஓரத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் நான்.

ஒடீலியா ஃபுர்ட்டாடோ முதலில் வந்த இரவு
தலைவர் மேக்கம்பர் கேட்டார்,
"வக்கீல் எப்போது வருவார், அம்மா?"
அவள் வரைபடத்தை மேசையெங்கும் விரித்தாள்,
அவருடைய காப்பிக் கோப்பையின் மேலேயே.
உப்புச் சதுப்பின்மீது ஒரு பழுப்பு வட்டம்.
கோப்பில் இன்னும் இருக்கிறது, சான்று எண் நான்கு.
அந்த வழக்கில் தோற்றாள்.

பழைய கிரயப் பத்திரங்களை உரக்க வாசிப்பாள்.
"வெள்ளைக் கருவாலியில் தொடங்கி
கற்சுவரை ஒட்டிக் கிழக்கே இருபது கோல்,
அங்கிருந்து பீலெக் ஆலனின்
பன்றிப்பட்டி இருந்த மூலைக்கு,
மூன்று ஏக்கர், ஏறக்குறைய."
கருவாலி முப்பத்தெட்டாம் வருடப் புயலில் விழுந்தது.
பன்றிகளின் கதி சொல்லவேண்டியதில்லை.
மிஞ்சியது அந்தக் கடைசிச் சொல்.
அதை வைத்து நாற்பத்தொரு வருடம் பிழைத்தாள்.

வில்லங்கமில்லாத நிலம் நிலாவில்தான் கிடைக்கும்,
அதுவும் இன்றைய தேதிவரை, என்பாள்.
சிப்பி வளர்ப்பவர்கள் வந்தார்கள், ஒரு கன்னிமாடம் வந்தது,
பிரேதப்பெட்டி செய்யும் சகோதரர்கள் இருவர்,
பிறகு ஒரு கோல்ஃப் மைதானம்.
(அது வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.
குறிப்பில் அதற்கு இடமில்லை.)

பிறன் மண்ணில்
வெளிப்படையாக, இடைவிடாமல், கேளாமல்
இருபது வருடம் புல் வெட்டினால்
மண் உன்னுடையது. எங்கள் கரையின் சட்டம் அது.
அதைக்கொண்டுதான் எண்பத்தொன்பதில்
லோயிஸ் ட்ரிப்பின் ஆப்பிள் வரிசையை
பக்கத்துக் கேரேஜ்காரனுக்கு வாங்கிக்கொடுத்தாள்.
லோயிஸ் என் அத்தை.
நில நீதிமன்றத்தில் கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்:
"அவன் பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள்.
வேலி போட மனம் வரவில்லை."
நீதிபதி தலையசைத்தார். தீர்ப்பு அசையவில்லை.
ஒரு வருடம் நான் ஒடீலியாவிடம் பேசவில்லை.
அவள் பெயரை மட்டும்
எழுத்துப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

போன அக்டோபர்,
விண்ணப்பதாரர் என்ற கட்டத்தில் அவள் பெயர்.
வீட்டை விற்க அளந்தார்களாம்.
பக்கவாட்டுப் படிக்கட்டு
பெட்டன்கோர்ட்டின் மண்ணில் பதினான்கு அங்குலம்.
இடித்துவிட்டுத் தன் எல்லைக்குள் செங்குத்தாகக் கட்ட
இடைவெளி விலக்கு வேண்டும் என்றாள்.

வாரியத்தின் புதுப் பையன் காகிதத்தைப் புரட்டினான்.
"முப்பத்துமூன்று வருடம் ஆகிவிட்டதே.
சட்டப்படி அந்த மண் உங்களுடையதுதானே?"
"தெரியும்," என்றாள்.
மூன்றாம் வரிசையிலிருந்து பெட்டன்கோர்ட்,
ரப்பர் காலணியோடு, சிப்பி வாடையோடு:
"படி இருந்துவிட்டுப் போகட்டும் ஒடீலியா,
எனக்கென்ன போச்சு?"
அவள் திரும்பவே இல்லை.
"இதை யாரிடமும் வாயால் சொல்லாதே, மனுவல்.
எழுதிக் கொடு. தேதி போட்டு."

ஐவரும் கை தூக்கினார்கள். ஏகமனதாக, என்று எழுதினேன்.

நாற்காலிகளை மடக்கும்போது
என் மேசையருகே நின்றாள்.
கோட்டின் ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே.
"அந்த வரிசையில் எத்தனை மரம்?"
எந்த வரிசை என்று நான் கேட்கவில்லை.
"ஏழு."
"என் கோப்பில் ஆறு என்று இருக்கிறது."
என் பேனாவை வாங்கி
உள்ளங்கையில் ஏதோ குறித்துக்கொண்டாள்.
திருப்பித் தர மறந்து
மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.